எந்த ஆயுதத்துக்குப் பூஜை?

அந்த மெஷினை நகர்த்தக் கூடாது என்று வாங்கும்போதே சொல்லித்தான் கொடுத்தார்கள். ஜப்பானில் செய்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி ஓட்டிவிட்டுக் கழித்ததை நாங்கள் வாங்கி, ஓசூரில் ஜூஜுவாடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஷெட்டில் இறக்கினோம். வைத்த உலோகத்தைத் தானே இப்படியும் அப்படியும் திருப்பிச் சாய்த்து, எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் ஒரே மூச்சில் செதுக்கிக் கொடுத்துவிடும். இந்த மாதிரி மெஷினில் துப்பாக்கிக்கும் ராக்கெட்டுக்கும்கூடப் பாகம் செய்யலாம் என்பதால், செய்த நாட்டுக்காரர்கள் உள்ளே ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். இறக்கிய இடத்தை விட்டு அசைந்தால் அதற்குத் தெரிந்துவிடும். கரண்ட் இல்லாதபோது அசைந்தாலும் தெரிந்துவிடும். அப்புறம் அவர்களாகப் பார்த்து ஒரு எண் கொடுத்தால்தான் ஓடும். நிறுவ வந்த சர்வீஸ் என்ஜினீயர் இதை என்னிடம் இரண்டு தடவை சொல்லி, மெஷினின் நெற்றியில் மஞ்சளாக ஒரு ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டுப் போனார்.

ஷெட்டுக்கு நாங்கள் இரண்டு பேர் பார்ட்னர். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. டிப்ளமோ முடித்த கையோடு ஓசூருக்கு வேலைக்கு வந்து, கம்பெனி கம்பெனியாகத் தர ஆய்வில் இருந்து, அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடித்தே பாதி வயசைக் கழித்தவள். இன்னொருவர் மத்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தோப்பு வருமானத்தை நம்பிக்கையாக இதில் கொண்டுவந்து போட்டவர். எங்கள் ஊர் வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்பேன். “இந்த ஊர்ல அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரர்னு நெனச்சுக்கப் போறாங்கம்மா” என்று சிரிப்பார். நல்ல மனுஷன். ஆனால் ஜோசியரைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார்.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு வேலை வந்திருந்தது. அதுவரை செய்ததெல்லாம் யாருக்கோ பாகம். எந்த வண்டியில் எங்கே போய் உட்காருகிறது என்றே தெரியாது. இது அப்படி இல்லை. செயற்கைக் காலுக்கான முழங்கால் மூட்டு, முழுசாக. கேட்டவர் மொசாம்பிக் நாட்டில் செயற்கைக் கால் பொருத்தும் ஒரு பெண். பயிற்சிக்காகப் பெங்களூர் வந்தவர், தெரிந்தவர்கள் சொல்லி எங்கள் ஷெட்டுக்கும் வந்தார். நான் அவரை ‘சிஸ்டர்’ என்றேன், அவரும் என்னை ‘சிஸ்டர்’ என்றார். இரண்டு பேர் இங்கிலீஷும் நொண்டி. ஆனால் மூட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் புரிந்ததில்லை.

முதலில் நாற்பது மூட்டு. அவர்கள் ஊரில் ஒரு முகாம் நடக்கப்போகிறது, அதற்குள் போய்ச் சேர வேண்டும். செலவை ஏற்பது ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம். எங்கள் மூட்டு நேரத்துக்கு வராவிட்டால் வழக்கம்போல ஐரோப்பாவிலிருந்து வாங்கிவிடுவோம் என்று அவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதே பணத்துக்கு அங்கிருந்து வாங்கினால் பத்துப் பேருக்குத்தான் வரும். மீதி முப்பது பேர் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இதை சிஸ்டர் என்னிடம் சொன்னபோது, “முப்பது பேர் திரும்ப மாட்டாங்க, நான் பொறுப்பு” என்று வாய் விட்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் மாதிரி மூட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, மேல்பூச்சு போடுவதற்காகப் பெங்களூர் போயிருந்தேன். திரும்பும்போது அத்திப்பள்ளியில் மாட்டிக்கொண்டேன். பூஜைக்கு முந்தின நாள் அந்த எல்லையைத் தாண்டுவது என்றால் சும்மாவா? வாழைக்கன்று ஏற்றிய டெம்போ, பூசணிக்காய் ஏற்றிய டெம்போ, ஊருக்குப் போகும் பஸ், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று நின்றது. ஷெட்டுக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தரையெல்லாம் கழுவி, தோரணம் கட்டி, பளபளவென்று இருந்தது. மெஷின் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. காலையில் நான் போகும்போது அதன் கதவு வடக்கே பார்த்து இருந்தது. இப்போது மேற்கே பார்த்து இருக்கிறது. வாசலில் ஹைட்ரா கிரேன் வந்துபோன டயர்த் தடம்.

“ஜோசியர் சொன்னாரும்மா. ஆப்பரேட்டர் தெக்கு பாத்து நின்னு வேல செய்யறது எமன் தெசையாம். கெழக்கு பாத்து நிக்கறாப்பல திருப்பிட்டேன். நீ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு கிரேன்காரன வேற வெரட்டி...” என்று அண்ணாச்சி பூரிப்போடு சொல்லிக்கொண்டே போனார்.

“அண்ணாச்சி, அந்த மஞ்சள் ஸ்டிக்கர் உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

“அது வாரன்டிக்கு ஒட்டுனதுதானே? செகண்ட் ஹாண்டுக்கு ஏதும்மா வாரன்டி?”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஷெட்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி முகம் சுண்டிப்போய், “அம்மா தல்லி, மெதுவா பேசும்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டார். உடனே போட்டுப் பார்த்துவிடலாம் என்று நான் சுவிட்சுப் பக்கம் போனால், அதற்குள் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடிந்து, அதற்கடுத்த விஜயதசமி காலையில்தான் தொடலாம். இந்த ஒரு விஷயத்தில் ஷெட்டே அவர் பக்கம் நின்றது. நானும் சாமி விஷயத்தில் ரொம்ப வாய் பேசுகிறவள் இல்லை. பொரி கடலை எல்லாருக்கும் கொடுத்தேன், பூசணிக்காய் உடைத்தபோது கைகூப்பிக் கும்பிட்டேன், அவ்வளவு நேரமும் என் கண் அந்தச் சுவிட்சிலேயே இருந்தது.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார். திரையில் வெளிச்சம் வந்தது. இடமாற்றம் தெரியவந்துள்ளது, அனுமதி எண்ணைத் தருக என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. அதோடு சரி. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அதே வரி. நாற்பது மூட்டில் ஒன்றுகூட இன்னும் வெட்டவில்லை.

பெங்களூர் சர்வீஸ் என்ஜினீயருக்குப் போன் போட்டேன். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். திட்டவில்லை. ஏன் நகர்த்தினீர்கள், இப்போது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று விளக்கம் எழுதி, போட்டோவோடு அனுப்பினால் ஜப்பானுக்கு அனுப்புகிறேன், சாதாரணமாக அதிக நாள் ஆகாது என்றார். எனக்கு மூச்சு வந்தது. மேல்பூச்சுக்காரர் கூப்பிட்டதால் நான் மறுபடி பெங்களூர் ஓட வேண்டியிருந்தது. “நான் பண்ணுன தப்பு, நானே எழுதி அனுப்பிடறேன்” என்று அண்ணாச்சி முன்வந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சரி என்று விட்டேன்.

அவர் தமிழில் எழுதி, போனில் மொழிபெயர்ப்பைத் தட்டி, வந்ததை அப்படியே அனுப்பிவிட்டார். நாலைந்து நாள் கழித்து ஜப்பானிலிருந்து வந்த பதிலைப் படித்துவிட்டுத்தான், நாங்கள் என்ன அனுப்பினோம் என்றே எனக்குத் தெரிந்தது. ‘ஆயுதங்களை வழிபடுவதற்காக இந்த மெஷினைத் திருப்பியதாகத் தெரிவித்திருக்கிறீர்கள். எந்தெந்த ஆயுதங்கள், அவை யாரிடம் இருக்கின்றன என்ற விவரத்தைத் தரவும்’ என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

ஆயுத பூஜை. ஆயுதம். போனுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்திருக்கிறது.

“போட்டோவ காட்டுங்க அண்ணாச்சி” என்றேன். காட்டினார். பூஜையன்று எடுத்தது. நடுவில் மெஷின், உடம்பெல்லாம் குங்குமம். தரையில் உடைத்த பூசணிக்காய், அதிலிருந்து வழியும் சிவப்பு. மெஷினுக்கு முன்னால் ஒரு பலகையில் ஸ்பேனரும் சுத்தியலும் இருந்தால்கூடப் பரவாயில்லை. அவற்றோடு, தோப்பிலிருந்து பூஜைக்கென்று கொண்டுவந்த இரண்டு அரிவாள், ஒரு கோடரி. எல்லாவற்றுக்கும் பொட்டு. பக்கத்தில் மீசையைத் தடவிக்கொண்டு அண்ணாச்சி நிற்கிறார்.

கோபத்தில் ஆரம்பித்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். அண்ணாச்சிக்கும் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, அப்புறம் அந்த நாற்பது மூட்டு ஞாபகம் வந்து வாயை மூடினோம்.

சர்வீஸ் என்ஜினீயரைக் கூப்பிட்டு, “சார், ஆயுதம்னா எங்க பாஷையில கருவி. நீங்களாவது அவங்ககிட்ட சொல்லுங்க” என்றேன்.

“நங் கொத்து மேடம், எனக்குத் தெரியாதா? நானே என் லேப்டாப்புக்குப் பொட்டு வச்சேன். ஆனா ‘வெப்பன்’னு ஒரு வார்த்தை உள்ள போயிடுச்சு. இனி அது தனி ஆபீஸ். அவங்க விசாரிச்சு முடிக்காம யாரும் நம்பர் குடுக்க மாட்டாங்க.”

“எவ்வளவு நாளாகும்?”

“தீபாவளிக்குள்ள கஷ்டம் மேடம்.”

தீபாவளிக்குள் மூட்டுகள் பெங்களூர் ஏர்போர்ட்டில் இருந்தாக வேண்டும்.

அந்தத் தனி ஆபீஸிலிருந்து ஒருவர் என்னோடு நேரடியாகப் பேச வேண்டும் என்று வீடியோவில் வந்தார். சாந்தமான குரல். நான் முடிந்த இங்கிலீஷில் விளக்கினேன். கையில் பிடித்து எதை வைத்துப் பிழைக்கிறோமோ அதெல்லாம் எங்களுக்கு ஆயுதம். தையல்காரருக்குக் கத்தரிக்கோல், டிரைவருக்கு வண்டி, பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகம் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். அரிவாள் எதற்கு என்றார். மாங்கிளை கழிக்க என்றேன். மெஷினில் என்ன செய்கிறீர்கள் என்றார். முழங்கால் என்றேன். யாருக்கு என்றார். கால் போனவர்களுக்கு என்றேன்.

“அவர்களுக்குக் கால் எப்படிப் போனது?” என்று கேட்டார். அவருடைய படிவத்தில் அந்தக் கேள்வி இருந்திருக்காது, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டாரோ என்னவோ.

“சிலருக்குச் சர்க்கரை வியாதியால். சிலருக்கு பைக் விபத்தில். வயசானவர்கள் பல பேருக்கு, சண்டைக் காலத்தில் புதைத்த கண்ணிவெடியால். அது நீங்கள் சொல்கிற ஆயுதம் சார். அந்தக் கண்ணிவெடி எதையும் ஓசூரில் செய்யவில்லை” என்றேன்.

அவர் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு நன்றி சொல்லி, பதிவு செய்துகொள்கிறோம் என்றார். எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் இல்லை. இதே மெஷினில் துப்பாக்கி செய்கிறவனும் உலகத்தில் இருக்கிறான், அவனைப் பிடிக்கத்தான் பூட்டு என்று எனக்கும் தெரியும். ஆனால் ஷெட் என்னுடையது, கரண்ட் பில் என்னுடையது, மெஷினும் காசு கொடுத்து வாங்கியது. சாவி மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் மேஜையில் இருக்கிறது என்றால் எரிச்சல் வராதா? வந்தது.

சிஸ்டரிடம் சொல்லியாக வேண்டும். மறுநாள் வீடியோவில் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் கொட்டினேன். அரிவாள் கதையைக் கேட்டு அவரும் சிரித்தார். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு தன்னுடைய பட்டறைக்குள் நடந்து, ஒரு அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே மூட்டுகள். வெளிநாட்டிலிருந்து இனாமாக வந்தவை, ஒவ்வொன்றும் பார்க்க அவ்வளவு அழகு. எதுவும் வேலை செய்யாது.

“ஒரு பின் தேய்ந்தால் போதும் சிஸ்டர், கால் மொத்தமும் போய்விடும். அந்தப் பின் அந்தக் கம்பெனியிடம் மட்டும்தான் இருக்கும். தனியாகக் கேட்டால் விற்க மாட்டார்கள். புது மூட்டுக்குக் காத்திரு என்பார்கள். காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் ஒரு வருஷம் கழித்துத் திரும்ப வந்து கேட்பார்கள். நான் என்ன சொல்வேன்?”

அலமாரியை மூடிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“உங்கள் மூட்டு ஏன் ஒரே துண்டாக இருக்க வேண்டும்?”

சுருக்கென்றது. அது என் பெருமை. ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து, ஒரு ஒட்டு இல்லாமல், ஒரு திருகு இல்லாமல், முழு உடம்பையும் குடைந்து எடுப்பது. நான் போட்ட டிசைன். பார்த்தவர்கள் எல்லாரும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார்கள். “அதுதான் சிஸ்டர் அதற்குப் பலம்” என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றே.

“என் பட்டறையில் ஒரு லேத் இருக்கிறது, ஒரு டிரில்லிங் மெஷின் இருக்கிறது, அரம் இருக்கிறது. உங்களிடம் இருக்கும் மெஷினைப் பார்த்து நீங்கள் வரைந்திருக்கிறீர்கள். உங்கள் மூட்டு உடைந்தாலும் இந்த அலமாரிக்குத்தான் வரும்” என்றார் அவர்.

போனை வைத்துவிட்டு அன்று பூராவும் அவர் மேல் கடுப்பாக இருந்தேன். டீ குடிக்கப் போனவள் டீக்கடைக்காரரிடம்கூட எரிந்து விழுந்தேன். சாயங்காலம் மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அந்த ஒரு வரி திரையில் எரிந்துகொண்டிருந்தது. நானும் அவர் கையில் ஒரு பூட்டைத்தானே கொடுக்கப் பார்த்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. இனி இந்த மெஷினை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. சாதாரண மெஷினில் வெட்ட முடிகிற மாதிரி மூட்டை மாற்று, இல்லாவிட்டால் வாக்குக் கொடுத்த வாயை மூடிக்கொண்டு போ. மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

குடைந்தெடுத்த உடம்புக்குப் பதிலாக இரண்டு பக்கத் தட்டுகள், நடுவில் குறுக்குப் பின்கள், இறுக்கிப் பிடிக்கச் சாதாரணப் போல்ட். மடங்கும் இடத்தில், பைக் மெக்கானிக் கடையிலேயே கிடைக்கிற பேரிங். வரைந்து பார்த்தபோது கொஞ்சம் தடியாக, அழகில்லாமல்தான் இருந்தது. சிஸ்டருக்கு அனுப்பினேன். “இது என்னுடையது மாதிரி இருக்கிறது” என்று பதில் போட்டார்.

மூட்டை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டிச் சோதிக்க, பழைய மோட்டாரை வைத்து ஷெட்டிலேயே ஒரு அமைப்பு செய்தோம். முதல் மூட்டின் தட்டு மூலையில் விரிசல் விட்டது. மூலையை வளைவாக்கினேன். அடுத்தது தாங்கியது. பெங்களூரில் ஒரு சோதனைக்கூடத்திலும் கொடுத்து, தேறியது என்று சான்று வாங்கி சிஸ்டருக்கு அனுப்பினேன். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் நாற்பதையும் ஆரம்பித்தோம்.

எங்களிடம் சாதாரண மெஷின் ஒன்றே ஒன்று இருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு தீபாவளிக்குள் முடியாது. பக்கத்து ஷெட்டுகளிடம் போக வேண்டும். ஜப்பான் மெஷின் வந்ததிலிருந்து அவர்களுக்கு நான் ஒரு வேலையும் வெளியே கொடுத்ததில்லை. எல்லாம் உள்ளேயே முடிந்துவிடும் என்று மிதப்பாகத்தான் இருந்தேன். எதிர் ஷெட்காரர் சேலத்துக்காரர், விடுவாரா?

“என்னக்கா, வழி தவறி வந்துட்டீங்களா? உங்க மெஷின் ஃபாரின்ல இல்ல பேசுது இப்ப?”

“பேசுதுங்க. ஆனா எனக்கு எதிராப் பேசுது” என்றேன். அவர் சிரித்துவிட்டார். துளை போடுவதை அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த ஷெட்டில் பின் கடைசல். மூன்றாவது ஷெட்டில் ஓரம் மழித்து மெருகேற்றுவது. சரியான கோணத்தில் துளை விழுவதற்கு, தட்டைச் சாய்த்துப் பிடிக்கும் பிடிமானத்தை நாங்களே செய்து கொடுத்தோம். தட்டுகள் ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு டிரேயில் போய்வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் நான் அளந்தேன். பழைய குணம் எங்கே போகும்? துளை சரியில்லாத தட்டைத் தூக்கி எதிர் ஷெட் வாசலில் வைத்துவிட்டு, “இதுல உங்க பொண்ண நடக்கச் சொல்லுவீங்களா?” என்று கேட்டு வந்துவிடுவேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே வேறு போட்டுக் கொடுப்பார்.

தீபாவளி நெருங்கியது. எங்கள் ஆப்பரேட்டர்கள் எல்லாம் மதுரை, தூத்துக்குடி என்று தெற்கத்திப் பிள்ளைகள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட்டுக்கு அடிதடி. “உங்கள ஊருக்கு அனுப்பாம இருக்க மாட்டேன். ஆனா அந்த ஊர்க்காரங்களும் நடந்து வீட்டுக்குப் போகணும்ல?” என்றேன். ஒருத்தர்கூட முன்கூட்டிக் கிளம்பவில்லை.

பெட்டி கட்டும் சமயத்தில்தான் அண்ணாச்சியோடு பெரிய சண்டை வந்தது. மூட்டுகளோடு வரைபடங்களையும் அனுப்ப முடியுமா, தேய்ந்ததை நாங்களே செய்துகொள்வோம் என்று சிஸ்டர் கேட்டிருந்தார். அனுப்பப் போகிறேன் என்றேன். அண்ணாச்சி கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? படத்தக் குடுத்துட்டா அப்புறம் நம்மகிட்ட யாரு வருவா? நான் ஒண்ணு சொல்றேன், கேளு. மூட்ட அனுப்பு. அந்தப் பின்ன மட்டும் கடையில கெடைக்காத சைஸ்ல வை. பின் தேஞ்சா நம்மகிட்டதான் வந்தாவணும். எல்லாக் கம்பெனிக்காரனும் அப்பிடித்தானே செய்யறான்?”

“எல்லாரும் செய்யறதாலதான் அண்ணாச்சி அந்தம்மாகிட்ட ஒரு அலமாரி நிறைய செத்த காலு கெடக்கு.”

“நாம என்ன தர்ம சத்திரமா நடத்தறோம்? நான் தோப்புக் காசப் போட்டிருக்கேன்மா.”

அது நியாயமான பேச்சு. இரண்டு வருஷ மாங்காய் அந்த ஷெட்டில் இருந்தது. எனக்கும் வியாபாரம் வேண்டாம் என்று இல்லை. “அண்ணாச்சி, ஒண்ணு செய்ங்க. அந்த ஜப்பான் மெஷின் முன்னாடி போய் நின்னு, இப்ப சொன்னத அப்படியே இன்னொரு வாட்டி சொல்லுங்க. அப்புறமும் உங்களுக்குச் சரின்னு பட்டா, பின் சைஸ மாத்திடறேன்” என்றேன்.

அவர் எழுந்து போனார். உண்மையாகவே போய் நின்றார். நான் போகவில்லை. திரும்பி வந்தவர் டம்ளரை எடுத்து, ஆறிப்போன காபியைக் குடித்தார். “ஏம் சேசேதி... என்ன பண்றது, எல்லாத்தையும் அனுப்பித் தொலை” என்றார். நாற்பது மூட்டோடு அத்தனை வரைபடமும், தட்டைச் சாய்த்துப் பிடிக்கும் பிடிமானம் ஒன்றும் பெட்டிக்குள் போயிற்று. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் நானே வண்டியில் உட்கார்ந்துபோய் ஏர்போர்ட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

பூட்டு தீபாவளி கழிந்து வெகு நாளுக்குப் பிறகு திறந்தது. சர்வீஸ் என்ஜினீயர் வந்து எண்ணை அடித்தார். மெஷின் ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமிக்கொண்டு ஓடியது. இனி அனுமதி இல்லாமல் நகர்த்த மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டோம். ஆப்பரேட்டர் இனியும் கிழக்கு பார்த்தே நிற்கலாம் என்பதுதான் அண்ணாச்சிக்கு ஒரே ஒரு ஆறுதல்.

முகாம் நடந்து முடிந்தது. நாற்பதும் பொருந்தின. அடுத்து இன்னும் பெரிய எண்ணிக்கையில் வாங்குவோம் என்று உதவி நிறுவனமும் சொல்லியிருந்தது. அந்த நம்பிக்கையில் அலுமினியத்துக்குக்கூட விலை கேட்டு வைத்திருந்தோம். ஆர்டர் வரவில்லை. மாதம் போனது. ஒரு நாள் மத்தியானம் சிஸ்டரிடமிருந்து படங்கள் வந்தன.

இரண்டு பக்கத் தட்டுகள். அரம் போட்ட கீறல் அப்படியே தெரிகிறது, ஓரம் சரியாக மழியவில்லை. எங்கள் படத்தை வைத்து அவர்கள் ஊர் கராஜ் ஒன்றில் செய்தது. கீழே, ‘உதவி நிறுவனம் இனி எங்களிடமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. கோபமா சிஸ்டர்?’ என்று கேட்டிருந்தார்.

கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அந்த ஆர்டரை வைத்து நான் என்னென்னவோ கணக்குப் போட்டிருந்தேன். ஒரு துளை பெரிதாக விழுந்திருந்தது கண்ணில் பட்டது. துளை பெரிசு, அடுத்த தட்டில் திருத்துங்கள் என்று, எதிர் ஷெட்காரருக்குச் சொல்கிற மாதிரியே எழுதிப் போட்டேன். உடனே சரி என்று பதில் வந்தது, கூடவே ஒரு வீடியோவும்.

கராஜுக்கு வெளியே செம்மண் தெரு. நரைத்த தாடியோடு ஒரு பெரியவர், அந்தத் தட்டு மூட்டைப் பொருத்திக்கொண்டு, கையில் கட்டை எதுவும் இல்லாமல் நிற்கிறார். ஒரு அடி வைக்கிறார். நின்று காலைக் குனிந்து பார்க்கிறார். பிறகு யாருக்கும் சொல்லாமல் தெருவோடு நடக்க ஆரம்பிக்கிறார். சிஸ்டர் பின்னாலிருந்து கூப்பிடுவது கேட்கிறது. அவர் திரும்பவே இல்லை.

அண்ணாச்சி என் தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெருமூச்சு விட்டார்.

“ஆர்டர் போச்சேம்மா.”

“போகட்டும் அண்ணாச்சி” என்றேன். “நடந்தே போகட்டும்.”